கொத்தமல்லி, புதினாவைப் பாத்திர சோப்பு போட்டுக் கழுவலாமா?

தாம்பரம்_கவிதா

போன வாரம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வயிறு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சிக்கன் பிரியாணி, தயிர் பச்சடி. செவ்வாய் இரவு கணவருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. புதன் காலையில் மகளுக்குக் காய்ச்சலோடு வந்தது, அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு வயிற்று வலியோடு போய்விட்டது. டாக்டர் ஓஆர்எஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, "காய்கறி, கீரையெல்லாம் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்" என்று ஒரு வரி சொன்னார்.

அந்த ஒரு வரியை என் மாமியார் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சமைப்பது நான், கழுவித் தருவது அவர். அன்றிலிருந்து கொத்தமல்லி, புதினா, திராட்சை, தக்காளி எல்லாம் பாத்திரம் தேய்க்கும் லிக்விடில் பத்து நிமிடம் ஊறித்தான் வருகின்றன. நேற்று ரசத்தில் எலுமிச்சை வாசனை. எலுமிச்சை நான் போடவே இல்லை.

சண்டை போடாமல் எடுத்துச் சொல்ல விஷயம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசப்பொடி

ஐயோ கவிதா, லிக்விட் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். எங்கள் அம்மா காலத்திலிருந்து இதுதான். ஒரு கிருமி நிற்காது.

பெட்ரி_தட்டு

கவிதா அக்கா, கோயம்புத்தூரில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சோப்பை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பாத்திரம் வழவழப்பான எஃகு, அலசினால் சோப்பு போய்விடும். இலையும் பழமும் அப்படி இல்லை. நுண்துளைகள், காம்பு நுனி, வெட்டுப்பட்ட இடம் என்று எல்லாவற்றிலும் சோப்பு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது உள்ளே போனால் அதுவே வயிற்றுப்போக்கு கொடுக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ உட்பட எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவு, சோப்பும் டிடர்ஜென்டும் வேண்டாம்.

ரசப்பொடி அக்கா, உப்பு மஞ்சள் தண்ணீர் காலிஃபிளவருக்கு அருமையானது, உள்ளே இருக்கும் புழு மிதந்து வெளியே வந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற புழு வேறு, பாக்டீரியா வேறு. சமையலறையில் நாம் போடும் அளவு உப்புக்கும் மஞ்சளுக்கும் பத்து நிமிடத்தில் சால்மோனெல்லா சாகாது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கிருமி கழுவிப் போகும். அது தண்ணீரின் வேலை.

பழையசோறு

எங்கள் காலத்தில் தோட்டத்தில் கேரட்டைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துச் சாப்பிட்டோம். அறுபத்தெட்டு வயது, ஒன்றும் ஆகவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் கிருமி, கிருமி.

பெட்ரி_தட்டு

அப்போது வேட்டியில் துடைத்துச் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள்தானே ஐயா இப்போது இங்கே எழுத முடியும்.

பழையசோறு

தம்பிக்கு வாய் அதிகம். சரி, சொல்லு, கேட்கிறேன்.

ஓசூர்_விவசாயி

சகோதரி, நான் கொத்தமல்லியும் புதினாவும் போடுகிறவன். ஒரு கட்டு உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன், அப்புறம் எப்படிக் கழுவுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

சாயங்காலம் வேரோடு பிடுங்குவோம். வேரில் மண் அப்பிக்கொண்டு வரும். தொட்டியிலோ வாய்க்காலிலோ முக்கி அலசிக் கட்டுக் கட்டுவோம். நூறாவது கட்டு முக்கும்போது அந்தத் தொட்டித் தண்ணீர் காபி நிறத்தில் இருக்கும். முதல் கட்டில் இருந்ததெல்லாம் நூறாவது கட்டுக்கும் போகும். ராத்திரி வண்டி ஏறி விடியற்காலை கோயம்பேடு. அங்கே தரையில் கோணிச் சாக்கு. அப்புறம் கடைக்காரர் வாடாமல் இருக்க ஒரு பக்கெட்டிலிருந்து கையால் அள்ளித் தெளிப்பார், அது என்ன தண்ணீர் என்று அவருக்குத்தான் தெரியும். யாரையும் குறை சொல்லவில்லை. இதுதான் நடைமுறை.

உரமும் ஒரு விஷயம். மக்கிய தொழுவுரம் பரவாயில்லை. ஆட்டுக்கிடை போட்ட கையோடு கீரை விதைக்கக் கூடாது என்று எங்கள் தாத்தா சொல்வார். தோல் உரித்துத் தின்கிற பயிருக்குப் போடு, இலையாகத் தின்கிறதற்குப் போடாதே என்பார்.

பெட்ரி_தட்டு

உங்கள் தாத்தா சொன்னதைத்தான் அமெரிக்க இயற்கை விவசாய விதியில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மண்ணில் படுகிற விளைச்சலுக்குப் பச்சைச் சாணம் போட்டால், அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும். கொத்தமல்லி 40, 45 நாளில் வந்துவிடும், கணக்கே ஒத்துவராது.

தாம்பரம்_கவிதா

படித்ததும் பகீர் என்கிறது. அப்படியானால் வெறும் தண்ணீர் போதுமா? எப்படிக் கழுவுவது?

ஓசூர்_விவசாயி

என் வீட்டம்மா செய்கிற விதம் இது. கட்டை அவிழ்த்து வேரை வெட்டி, அழுகினது பழுத்ததை ஆய்ந்து போட்டுவிட வேண்டும். கட்டோடு குழாயில் காட்டினால் நடுவில் இருக்கிற மண் அசையாது. பெரிய குண்டானில் தண்ணீர் நிறைய வைத்து, கீரையைப் போட்டு, கை விட்டு நன்றாக அலசி, ஒரு நிமிடம் சும்மா விட வேண்டும். மண் அடியில் இறங்கும். இப்போது கீரையை மேலாகக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தப்பு பண்ணுகிறார்கள். குண்டானை அப்படியே வடிகூடையில் கவிழ்க்கிறார்கள். அடியில் இறங்கிய மண்ணெல்லாம் திரும்பக் கீரை மேலேயே கொட்டும்.

புதுத் தண்ணீர் மாற்றி மறுபடி, அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை குண்டான் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். நறநற என்றால் நாலாவது தடவை.

பெட்ரி_தட்டு

இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. நான் சேர்ப்பது ஒன்றுதான்: கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

தண்ணீரில் தேய்த்து அலசினால் மேலே இருக்கிற பாக்டீரியாவில் பத்தில் ஒன்பது பங்கிலிருந்து நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு வரை போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு இலையில் பத்தாயிரம் இருந்தால் நூறு மிச்சம். கழுவுவது குறைக்கும், அழிக்காது. அழிக்க வேண்டுமானால் அடுப்புதான். ரசம் கொதிக்கும்போது போட்ட கொத்தமல்லியைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். இறக்கிய பிறகு மேலே தூவுவது, சட்னி, பச்சடி, சாலட், இவற்றுக்குத்தான் இவ்வளவு பேச்சும்.

தண்ணீர் மேலேயே சந்தேகம் என்றால் குளோரின் போடலாம். 2020 கொரோனா சமயத்தில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொன்ன அளவு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 50 பங்கு. வாசனை, சோப்பு எதுவும் சேராத, உணவுப் பொருளுக்கு என்று அச்சிட்ட 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு லிட்டருக்கு 1 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடம் வைத்து எடுத்து நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். இரண்டு எச்சரிக்கை: மண்ணோடு போட்டால் குளோரினை மண்ணே தின்றுவிடும், எனவே முதலில் மண் போக வேண்டும். அதோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

ரசப்பொடி

சோடா உப்புதான் சிறந்தது என்று எங்கள் குழுவில் வந்ததே? இன்னொன்றும் வந்தது. முட்டைக்கோஸ் புழு மூளைக்குப் போய் வலிப்பு வருமாம், என் மருமகள் அதிலிருந்து கோஸ் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

பெட்ரி_தட்டு

சோடா உப்பு விஷயம் உண்மை, ஆனால் அது பூச்சிமருந்துக்கு. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு லிட்டருக்கு 10 கிராம் சோடா உப்பு, 12 முதல் 15 நிமிடம். அவர்கள் தடவிய இரண்டு மருந்தில் ஒன்று 80 சதவீதம், இன்னொன்று 96 சதவீதம் போனது. தோலுக்குள் இறங்கியது போகவில்லை. கிருமிக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர முடியாது. சிலர் சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். நுரை பொங்குவது பார்க்க அழகு, ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

கோஸ் கதையில் பாதி உண்மை. கோஸில் நெளிகிற பச்சைப் புழு ஒரு பூச்சியின் குட்டி, அது மூளைக்குப் போகாது, வெந்துவிட்டால் சத்துதான். வலிப்புக்குக் காரணம் பன்றி நாடாப்புழுவின் முட்டை. அந்தப் புழு வயிற்றில் இருக்கும் மனிதரின் மலத்தில் முட்டை வெளியே வரும். அது கழிவுநீர் வழியாகவோ கழுவாத கை வழியாகவோ காய்க்கு வரும். அதனால்தான் பன்றிக்கறியைத் தொடாத சைவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. கோஸின் மேல் மூன்று நான்கு இதழ்களை எடுத்துப் போட்டுவிட்டு, கழுவிப் பொரியல் செய்தால் ஒரு பயமும் இல்லை. தள்ளுவண்டியில் பச்சையாகச் சீவித் தூவுகிறார்களே, அதை நான் தொடுவதில்லை.

நல்லூரான்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்கட வீட்டில வல்லாரைச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது. பச்சையாக அரிஞ்சு, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, பிழிஞ்சு விட்டால் சரி. தேசிக்காய்ப் புளி கிருமியைக் கொல்லும் எண்டுதான் அம்மம்மா சொல்லுவா. அது சரியோ தம்பி? வல்லாரை நிலத்தோட படருறது, சில இடத்தில வாய்க்கால் ஓரத்திலயும் நிக்கும்.

பெட்ரி_தட்டு

அண்ணா, பிழிந்த உடனே சாப்பிடுகிறோம், அந்த நேரத்துக்குள் புளிப்பு பெரிதாக எதுவும் செய்யாது. வல்லாரை எங்கே முளைத்தது என்பதுதான் முக்கியம். வாய்க்கால் ஓரத்து வல்லாரையைக் கழுவிப் பிரயோசனமில்லை.

நல்லூரான்

விளங்குது. சின்னப் பிள்ளையளுக்கு நாங்கள் அடுப்பில வதக்கி வறையாகத்தான் செய்து குடுக்கிறனாங்கள். இனிக் கடையில வாங்கினால் எங்களுக்கும் வறை, வீட்டுச் சாடியில வளர்த்தது எண்டால் சம்பல்.

ஹாம்பர்க்_செல்வம்

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 மே மாதம் நான் இங்கே வந்து இரண்டு வருடம். திடீரென்று ஊரெல்லாம் இரத்தப்போக்கோடு வயிற்றுப்போக்கு, அதிலும் பெண்கள் அதிகம். ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு வகை, ஓ104:எச்4. சிறுநீரகம் நின்றுபோய் நூற்றுக்கணக்கானவர்கள் டயாலிசிஸில். மே 25 அன்று நோய்த்தடுப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனம் வட ஜெர்மனியில் தக்காளி, வெள்ளரி, சாலட் இலை எதையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்றது. மறுநாள் ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளரி மலைபோலக் குவிந்து கிடந்தது, எடுக்க ஆளில்லை. ஸ்பெயினில் விவசாயிகள் விளைச்சலைக் குப்பையில் கொட்டினார்கள். கடைசியில் வெள்ளரி குற்றவாளியே இல்லை. நானும் அந்த இரண்டு வாரம் வெள்ளரியைச் சுடுதண்ணீரில் போட்டுப் போட்டு எடுத்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குற்றவாளி முளைகட்டிய பயறு வகை. ஹாம்பர்க்குக்குத் தெற்கே பீனன்பூட்டல் என்ற ஊர்ப் பண்ணையில் வளர்த்த முளைகள். அதற்கும் மூலம், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை என்று பிற்பாடு தெரிந்தது. வெந்தயம்! நம் வீட்டு டப்பாவில் இருப்பது. மொத்தம் 3,842 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 855 பேருக்குச் சிறுநீரகம் வரை போனது, 53 பேர் இறந்தார்கள்.

கண்டுபிடித்த விதம்தான் நான் சொல்ல வந்தது. நோயாளிகளில் பலருக்கு முளை சாப்பிட்டதே நினைவில்லை, தட்டின் ஓரத்தில் அலங்காரமாக வைத்திருப்பார்கள். எனவே ஒரு உணவகத்தில் கூட்டமாகச் சாப்பிட்டவர்களிடம் என்ன ஆர்டர் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டு, பில்லையும் அவர்கள் எடுத்த போட்டோவையும் பார்த்து, அப்புறம் சமையல்காரரிடம் போய் எந்தத் தட்டில் என்னவெல்லாம் வைத்தாய் என்று கேட்டார்கள். நோய் வந்தவர்களின் தட்டுகளில் பொதுவாக இருந்தது முளை.

கவிதா, நீங்களும் அப்படி எழுதிப் பாருங்களேன். அந்த ஞாயிற்றுக்கிழமை யார் யார் எது எது சாப்பிட்டீர்கள்?

பழையசோறு

முளைகட்டிய பயறு உடம்புக்கு நல்லது என்று என் பேரன் தினமும் பச்சையாகத் தின்கிறான். அதையும் கழுவினால் போதாதா?

பெட்ரி_தட்டு

போதாது ஐயா. கிருமி விதைக்குள்ளேயே இருந்தால், ஈரமும் கதகதப்புமாக இரண்டு மூன்று நாள் வைத்து நாமே அதற்கு விருந்து வைக்கிறோம். விதையில் பத்து இருந்தது முளையில் கோடி ஆகும். ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துச் சுண்டலாகக் கொடுங்கள். சத்து கொஞ்சம் குறையும், பேரனுக்கு ஒன்றும் ஆகாது.

தாம்பரம்_கவிதா

செல்வம் அண்ணா சொன்னபடி நோட்டில் எழுதினேன்.

கணவர்: பிரியாணி, பச்சடி. படுத்துவிட்டார்.
மகள்: பிரியாணி கொஞ்சம், பச்சடி ஒரு கிண்ணம் நிறைய. அவளுக்குத்தான் அதிகம்.
நான்: பிரியாணி, பச்சடி ஒரே ஒரு கரண்டி. வயிற்று வலி மட்டும்.
மாமியார்: பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய். சளி என்று தயிரைத் தொடவில்லை. கல்லுமாதிரி இருக்கிறார்.

அப்படியானால் பச்சடிதானா? வெங்காயம், கொத்தமல்லி, புதினா, தயிர். தயிர் வீட்டில் தோய்த்தது. கொத்தமல்லியை மாமியார் அன்றைக்கும் கழுவித்தான் கொடுத்தார், நான் பார்த்தேன்.

பெட்ரி_தட்டு

நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரியாணியை நாலு பேரும் சாப்பிட்டிருக்கிறீர்கள், அது நன்றாக வெந்தது. பச்சடி அடுப்பைப் பார்க்காதது. சந்தேகப்படலாம்.

ஒரு கேள்வி. சிக்கனை எங்கே கழுவினீர்கள்? கொத்தமல்லிக்கு முன்னாலா, பின்னாலா?

தாம்பரம்_கவிதா

சிங்க்கில்தான். மாமியார் மஞ்சள் போட்டு நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவினார். அவருக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம், குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் கழுவுவார்.

அப்புறம் அதே சிங்க்கில் வடிகூடையை வைத்துக் கொத்தமல்லி கழுவினார். சிங்க்கை நடுவில் தண்ணீர் ஊற்றி விட்டார், தேய்க்கவில்லை.

ஐயோ.

பெட்ரி_தட்டு

ஐயோ வேண்டாம் அக்கா, பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. என் அம்மாவும் இப்படித்தான் செய்து கொண்டிருந்தார்.

பச்சைக் கோழியில் கேம்பைலோபேக்டர், சால்மோனெல்லா இரண்டும் சாதாரணமாக இருக்கும். வேகும்போது செத்துவிடும். ஆனால் குழாயை முழுசாகத் திறந்து கழுவும்போது தெறிக்கிற துளி சிங்க் முழுக்க, மேடை மேலே, பக்கத்தில் இருக்கிற தட்டின் மேலே விழும். கேம்பைலோபேக்டர் வயிற்றுக்குள் போனால் வழக்கமாக இரண்டிலிருந்து ஐந்து நாளில் வேலையைக் காட்டும். ஞாயிறு மதியம், செவ்வாய் இரவு, புதன் காலை. நாள் ஒத்துப்போகிறது.

2019-இல் அமெரிக்க வேளாண்துறை ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. வீட்டில் சமைக்கிறவர்களைக் கூப்பிட்டு, தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவைத் தடவிய கோழியும் சாலட்டும் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்தப் பாக்டீரியா. சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் இருந்தது. 26 சதவீதம் பேருடைய சாலட் இலையில் போய் உட்கார்ந்திருந்தது. கோழியைக் கழுவாதவர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்களில் 31 சதவீதம் பேர் சாலட்டிலும் இருந்தது. கை, கத்தி, பலகை.

ரசப்பொடி

என்ன தம்பி சொல்கிறாய், கோழியைக் கழுவாமல் சமைப்பதா? கறிக்கடையிலிருந்து வருகிறதை? எலும்புத் தூளும் இறகும் ஒட்டிக்கொண்டு வரும். கழுவாத கோழியை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

பழையசோறு

இந்த ஒரு விஷயத்தில் நான் அம்மணி பக்கம்.

பெட்ரி_தட்டு

பிரிட்டனில் 2014-இலேயே பச்சைக் கோழியைக் கழுவாதே என்று அரசு சொன்னது. அங்கே கோழி உறையில் வருகிறது. நம் கடையில் வெட்டிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார்கள், இறகு ஒட்டியிருக்கத்தான் செய்யும். கழுவாதே என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, என் அம்மா உட்பட. எங்கள் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

பச்சையாகச் சாப்பிடுகிற எல்லாவற்றையும் முதலில் கழுவி, அரிந்து, மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். அப்புறம்தான் கோழிப் பை திறக்க வேண்டும். குழாயடியில் காட்டாமல், ஆழமான குண்டானில் தண்ணீரை ஊற்றி அதற்குள்ளேயே மெதுவாக அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் கொட்ட வேண்டும். முடிந்ததும் சிங்க், குழாய்த் திருகு, மேடை மூன்றையும் அந்த எலுமிச்சை லிக்விட் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த லிக்விட் அதற்குத்தான். கைக்கும் சோப்பு.

குழாய்த் திருகை மறந்துவிடாதீர்கள். கோழிக் கையோடு திறந்து, கழுவிய கையால் அதையே மூடுகிறோம்.

ரசப்பொடி

குண்டான் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். முலாம்பழம், தர்பூசணியெல்லாம் தோலைச் சீவிவிட்டுத்தானே சாப்பிடுகிறோம், அதை ஏன் கழுவ வேண்டும்?

பெட்ரி_தட்டு

கத்தி தோல் வழியாகத்தானே உள்ளே போகிறது. 2011-இல் அமெரிக்காவில் கொலராடோ பண்ணை முலாம்பழத்தில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா, 147 பேர் படுத்தார்கள், 33 பேர் இறந்தார்கள். அதன் சொரசொரத் தோலில் கிருமி ஒளிந்துகொள்ள இடம் நிறைய. வெட்டும் முன் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். வெட்டினதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரம்.

மட்டுறுத்துநர்

காய்கறி கழுவும் திரவம் ஒன்றுக்கு விளம்பரம் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

தாம்பரம்_கவிதா

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மாமியாரிடம் உங்களால்தான் என்று நான் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது? செல்வம் அண்ணாவின் வெள்ளரிக்காய்க் கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். "பாவம், வெள்ளரிக்காய்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "அன்றைக்குக் கறி கழுவின கையோடதானே மல்லியை எடுத்தேன்" என்றார்.

இன்றைக்கு மறுபடி சிக்கன். காலை ஒன்பது மணிக்கே கொத்தமல்லி, புதினா, வெங்காயம் எல்லாம் அரிந்து டப்பாவில் போய்விட்டன. மூன்றாவது தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்து, "நறநறங்குது" என்று நாலாவது தண்ணீரும் பிடித்தார். கோழிக்கு என்று பழைய அலுமினியக் குண்டானைப் பரணிலிருந்து இறக்கி, அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார், வேறு எதற்கும் எடுக்கக் கூடாதாம். எலுமிச்சை லிக்விட் சிங்க் பக்கம் திரும்பிவிட்டது.

மகள் பச்சடி இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். என் கணவர் மட்டும் இன்னும் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்.